பொறுமையை யார் யாரிடம் கேட்பது?

பொறுத்தார் பூமியாள்வார் என்று சொல்லாத ஊர் எம்மிடையே இல்லை. அந்தப் பழமொழி யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று ஒருதரம் கவனித்துப் பாருங்கள். அநேகமாக அது காத்திருப்பவரின் வாயாக இருப்பதில்லை. காத்திருக்க வைத்தவர் சொல்கிறார்; அல்லது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் சொல்கிறார். பொறுமை ஒரு நற்பண்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனை இன்னொருவரிடம் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, எவ்வளவு காலத்துக்கு உண்டு என்பதுதான் என்னைச் சில காலமாக அலைக்கழிக்கும் கேள்வி. இதனை அந்தரத்தில் வைத்துப் பேசிப் பயனில்லை என்பதால் ஒரு குறிப்பிட்ட காத்திருப்பை எடுத்துக்கொள்கிறேன். உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு அனுமதி கிடைக்கும்வரை இங்கிலாந்தில் ஒருவர் காத்திருக்கும் காத்திருப்பு அது.

ஏன் இங்கிலாந்து? அங்கு இந்தச் சிகிச்சை அரச சுகாதார சேவையில் இலவசமாகக் கிடைக்கிறது. யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்பதற்கான விதிகள் எழுத்தில் இருக்கின்றன. அவை எந்த ஆண்டில் எப்படி மாறின என்பதையும் பார்க்கமுடியும். எமது ஊர்களிலிருந்து அங்கு குடியேறிய குடும்பத்தவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு உறவுமுறையான ஒருத்தி நிற்கிறாள். அவளைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நடைமுறை இதுதான். குடும்ப வைத்தியர் ஒரு கடிதம் எழுதி நிறைக்குறைப்புக்கான விசேட சேவைக்கு அனுப்புகிறார். அங்கே வைத்தியர், உணவு ஆலோசகர், உளவியலாளர் எனப் பலரைப் பல மாதங்களுக்குச் சந்திக்கவேண்டும். அவர்கள் திருப்தியடைந்தால் சத்திரசிகிச்சைக் குழுவிடம் அனுப்புவார்கள். குழுவினர் மீண்டும் பரிசோதிப்பார்கள்: இரத்தம், இதயம், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறதா என்ற சோதனை, புகைப்பழக்கம், மனநிலை. அதன்பிறகு பட்டியலில் பெயர் ஏறும். திகதி கிடைத்தால், அதற்கு முந்திய இரண்டு வாரங்களுக்கு ஈரலைச் சுருங்கச் செய்வதற்கென மிகக் குறைந்த உணவு. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றுவதோ, சிறியதொரு பையாக்கிக் குடலுடன் நேரே இணைப்பதோ சாதாரணமாக ஓரிரு மணித்தியாலங்களில் முடிந்துவிடும் வேலை. அதற்கு முன்னுள்ள காத்திருப்பு மாதங்களாகவும் பல இடங்களில் வருடங்களாகவும் நீள்கிறது. இங்கிலாந்தின் பொதுவான வாக்குறுதி, எந்தச் சிகிச்சையாயினும் 18 வாரங்களுக்குள் தொடங்கவேண்டும் என்பது. அந்த இலக்கு 2016 க்குப் பின்னர் நாடளாவிய ரீதியில் எட்டப்படவில்லை. கனடாவில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. 2009 இல் வெளியான ஓர் ஆய்வு அங்கு இந்தச் சத்திரசிகிச்சைக்கான சராசரிக் காத்திருப்பு ஐந்து வருடங்களுக்கும் சற்று அதிகம் எனக் கணக்கிட்டது.

ஆட்கள் போதாது, சத்திரசிகிச்சைக் கூடங்கள் போதாது, பணம் போதாது என்ற காரணத்தினால் வரும் காத்திருப்பில் தத்துவப் பிரச்சினை பெரிதாக இல்லை. முழங்கால் மாற்றுவதற்கும் கண்ணில் வெண்புரை நீக்குவதற்கும் மக்கள் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். பருமனானவரின் காத்திருப்பில் வேறொன்று கலந்திருக்கிறது. அவர் காத்திருக்கும் காலம் முழுவதும் ஒரு பரீட்சைக் காலமாகவும் இருக்கிறது. முழங்கால் நோயாளியிடம், நீ இந்த முழங்காலுக்குத் தகுதியானவன்தானா என்று யாரும் கேட்பதில்லை.

சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் 'நைஸ்' என்னும் தேசிய நிறுவனம் 2014 இல் விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள். உடற்திணிவுச் சுட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். 35 க்கும் 40 க்கும் இடையிலாயின் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நோயொன்றும் கூட இருக்கவேண்டும். சத்திரசிகிச்சை அல்லாத பொருத்தமான வழிகள் எல்லாவற்றையும் முயன்றிருக்கவேண்டும். அவற்றால் போதிய பயன் கிடைத்திருக்கக்கூடாது. விசேட சேவையின் கண்காணிப்பில் இருக்கவேண்டும், அல்லது இருக்கப்போகிறவராக இருக்கவேண்டும். நீண்டகாலப் பின்தொடர்தலுக்கு உறுதி கூறவேண்டும்.

ஒவ்வொன்றாக வாசிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகின்றன. ஒருங்கே வைத்து வாசித்தால் விண்ணப்பதாரரிடம் கேட்கப்படும் பாத்திரம் விசித்திரமானது. அவர் தோற்றிருக்கவேண்டும், தோற்றதற்கு ஆதாரமும் காட்டவேண்டும். அதேவேளை இனித் தோற்கமாட்டார் என்று எதிரில் இருப்பவர்களை நம்பவும் வைக்கவேண்டும். காத்திருக்கும் காலத்தில் நிறை கூடினால் ஒத்துழைக்காதவர் என்ற எண்ணம் எழும். நன்றாகக் குறைந்தால் சத்திரசிகிச்சை எதற்கு என்ற கேள்வி எழும். தராசில் ஏறும் ஒவ்வொரு தடவையும் முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவருக்குப் பயம்தான்.

அந்தச் சுட்டெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கிலோகிராமில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தினால் வகுத்தால் வருவது அது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடொல்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய நாட்டவர் வகுத்தது. அவர் வானியலாளர், புள்ளிவிபரவியலாளர், வைத்தியரல்லர். சனத்தொகையின் சராசரி மனிதனைக் கண்டுபிடிப்பதே அவருடைய நோக்கம். தனி மனிதரின் தலைவிதியை அதைக்கொண்டு எழுத அவர் நினைக்கவில்லை. அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிப் பரப்பியவர் அமெரிக்கரான அன்செல் கீஸ். அது 1972 இல். இதே கீஸ்தான் பசி பற்றி நாம் அறிந்த மிகப் பெரிய பரிசோதனையையும் நடத்தியவர். அது இந்தப் பேச்சுக்கு மிகவும் தேவையானது என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

1944 இன் இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். மனச்சாட்சியின் பேரில் யுத்தத்தில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். நாடே யுத்த வெறியில் இருந்த நேரத்தில் மறுத்து நிற்பதற்கு எவ்வளவு மனத்திண்மை வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 24 வாரங்களுக்கு அவர்களுடைய உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. உடல் நிறையில் சுமார் கால்பங்கு போயிற்று. ஆனால் கீஸ் எழுதிவைத்தவற்றில் மனதைக் கவ்வுவது நிறையின் கணக்கு அன்று. அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். கனவிலும் உணவு. ஒரு பீங்கான் உணவை மணித்தியாலக் கணக்கில் வைத்து உண்டார்கள். எரிச்சல், சோர்வு, நண்பர்களிடமிருந்து விலகல். பரிசோதனை முடிந்து தாராளமாக உண்ணக் கிடைத்த பின்னரும் பலருக்குப் பசி அடங்கவில்லை. அரசாங்கத்துக்கு அடிபணியாத மனங்கள் பசியின் ஆட்சிக்குள் வந்துவிட்டன. இவர்கள் யாரையும் கட்டுப்பாடற்றவர்கள் என்று சொல்ல எவருக்கும் நாக்கு வராது.

பின்னர் வந்த ஆய்வுகள் இந்த ஆட்சியின் உத்தியோகத்தர்களைப் பெயர் சொல்லிக் காட்டின. கொழுப்புக் கலங்களிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் லெப்டின் 1994 இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரைப்பையிலிருந்து பசியை எழுப்பும் கிரெலின் 1999 இல். அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பருமனான 50 பேரைக் கொண்டு தொடங்கி 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்றின் முடிவு, பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டினால் நிறை குறைத்தவர்களின் பசி சார்ந்த ஓமோன்கள் ஒரு வருடம் கழிந்த பின்னரும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பது. உடல் இழந்ததைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாயைக் கட்டினால் போதும் என்பது எமது வீடுகளில் கூசாமல் சொல்லப்படும் வசனம். வாயைக் கட்டியவனின் வயிறு ஒரு வருடத்துக்குப் பின்னும் என்ன சொல்லிக்கொண்டிருக்கும் என்பதை அந்த வசனம் அறியாது.

ஆகவே, உன் மனவுறுதியைக் காட்டு, பிறகு பார்ப்போம் என்று சொல்லும் விதிக்கு அடியில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. பருமன் ஒரு குணக்குறை. சிகிச்சை அதற்கான மன்னிப்பு. மன்னிப்புக்கு முன்னர் பிராயச்சித்தம் வேண்டும். யாரும் இதனை இப்படி வாய்திறந்து சொல்வதில்லை. அமெரிக்காவில் பல காப்புறுதி நிறுவனங்கள், வைத்தியரின் மேற்பார்வையில் மூன்று முதல் ஆறு மாதம்வரை உணவுக்கட்டுப்பாடு இருந்ததற்கான பதிவுகள் இல்லாமல் பணம் தரமாட்டோம் என்று விதித்தன. ஒரு மாதப் பதிவு தவறினால் மீண்டும் முதல் மாதத்திலிருந்து. இவ்வகைக் கட்டாயத்துக்கு ஆதாரமில்லை என்று அந்நாட்டின் இத்துறைச் சத்திரசிகிச்சையாளர் சங்கம் 2011 இலும் மறுபடி 2016 இலும் அறிக்கை வெளியிட்டது.

இதற்கு ஒப்பான இன்னொன்று ஈரல் மாற்றுச் சிகிச்சை. மதுவினால் ஈரல் கெட்டவர் ஆறு மாதம் குடியாமல் இருந்து காட்டினால்தான் பட்டியலில் சேர்க்கலாம் என்பது பல நாடுகளில் நெடுங்கால வழக்கம். கடுமையான ஈரல் அழற்சியுள்ளவருக்கு ஆறு மாதம் என்பது பெரும்பாலும் ஆயுளைவிட நீளமானது. 2011 இல் வெளியான ஆய்வொன்றில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கவனமாகத் தெரிவு செய்யப்பட்ட 26 பேருக்கு அந்தக் காத்திருப்பு இல்லாமலே மாற்றுச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். ஆறு மாத முடிவில் 77 வீதமானோர் உயிரோடிருந்தார்கள். ஒப்பிடப்பட்ட, சிகிச்சை பெறாத குழுவில் 23 வீதம். மது விலக்கப்பட்ட ஒரு சமூகத்தில் இந்த உதாரணத்தைச் சொல்வதில் சங்கடமுண்டு என்பதை அறிவேன். ஆனால் கேள்வி கூர்மையாக வெளிப்படுவது இங்கேதான். நோய்க்குக் காரணம் நோயாளியின் செயல்தான் என்று வைத்துக்கொண்டாலும், மருந்தை நிறுத்திவைத்துத் திருத்துவது வைத்தியரின் வேலையா?

நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிச் செல்வது நேர்மையாகாது. மறுபக்கம் பலமானது. இந்தச் சத்திரசிகிச்சை திரும்பிப் போகமுடியாத பாதை. வெட்டி அகற்றிய இரைப்பையை யாரும் மீளத் தைத்துத் தரமுடியாது. வாழ்நாள் முழுவதும் விற்றமின்களும் கனியுப்புக்களும் எடுக்கவேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளிகளில் இரத்தம் சோதிக்கவேண்டும். உணவை ஆறுதலாக, சிறிது சிறிதாக மென்று உண்ணப் பழகவேண்டும். சீனி அதிகமுள்ளதை உண்டால் சிலருக்கு நெஞ்சு படபடத்து வியர்த்துப்போகும். உணவில் ஆறுதல் தேடிப் பழகிய மனம் அந்த ஆறுதலை இழந்து வேறொன்றைத் தேடக்கூடும். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் சிலரிடம் மதுப்பழக்கமும், சிலரிடம் தற்கொலை எண்ணமும் கூடியிருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இவற்றையெல்லாம் சொல்லாமல், கேட்காமல், ஆயத்தப்படுத்தாமல் ஒருவரை மேசையில் கிடத்துவது பெருங்குற்றம். உளவியலாளரின் கேள்விகள் அவமானப்படுத்துவதற்கென்றே கேட்கப்படுபவை என்று நினைப்பதும் தவறு.

ஆயத்தத்துக்குக் காலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆயத்தம் என்பது ஏதாவது நடந்துகொண்டிருக்கும் காலம். இந்த மாதம் இதைக் கற்றுக்கொண்டேன், அடுத்த மாதம் அதைச் சோதிப்பார்கள் என்று நோயாளி சொல்லமுடிகிற காலம். ஒன்பது மாதமாக ஒரு கடிதமும் வராத காலத்தை ஆயத்தம் என்று அழைப்பது பற்றாக்குறைக்கு ஒழுக்கத்தின் சட்டையைப் போட்டுவிடுவதாகும். சுவீடனில் 1987 இல் தொடங்கி சுமார் 4,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, சத்திரசிகிச்சை பெற்றவர்களிடையே மரணங்கள் குறைவு என்பதை 2007 இல் காட்டிவிட்டது. நீரிழிவைப் பொறுத்தவரை, நோய் தொடங்கி வருடங்கள் ஏற ஏற அது பின்வாங்கும் வாய்ப்புக் குறைகிறது என்பதும் தெரிந்ததே. ஆகவே காத்திருப்புக்கு விலையுண்டு. அந்த விலையைச் செலுத்துபவர் நோயாளி மட்டுமே.

விதிகளை எழுதுவோரும் இதனை உணர்ந்ததாகத் தெரிகிறது. 1991 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 40, 35 என்ற எல்லைகளை 2022 இல் அத்துறையின் சங்கங்கள் 35, 30 எனத் தளர்த்தின. 'நைஸ்' 2023 இல் தன் நெறிமுறையைத் திருத்தியபோது, எல்லா வழிகளையும் முயன்று தோற்றிருக்கவேண்டும் என்ற பழைய நிபந்தனையை விட்டுவிட்டது. தெற்காசியப் பூர்வீகமுள்ளவர்களுக்கு எல்லையை 2.5 குறைத்தும் பார்க்கலாம் என்றது. எமது உடல்களில் குறைந்த பருமனிலேயே நீரிழிவு வந்துவிடுவதுதான் காரணம். இங்கிலாந்தில் வாழும் எம்மவர்களில் எத்தனை பேர் இதை அறிந்து வைத்தியரிடம் கேட்கிறார்கள் என்பது வேறு விடயம். விதி தளர்ந்தது, சத்திரசிகிச்சைக் கூடங்கள் பெருகவில்லை. வாசல் அகலமானால் வரிசை நீளமாகத்தானே செய்யும்?

புதிய ஊசி மருந்துகள் இந்த வரிசையைக் கரைத்துவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. அவை தமக்கென்று வேறொரு வரிசையை உண்டாக்கின. டிர்செபடைட் என்ற மருந்தை இங்கிலாந்தின் அரச சேவையில் கொடுக்கலாமென 2024 டிசம்பரில் அனுமதித்தபோது, அதனைப் படிப்படியாக, அதிகபட்சம் 12 வருடங்களில் விரிவாக்கலாம் என்றார்கள். முதல் மூன்று வருடங்களில் சுமார் 220,000 பேருக்கு. பன்னிரண்டு வருடக் காத்திருப்பு ஒரு தவறினால் நேர்ந்ததன்று, திட்டமாகவே எழுதப்பட்டது. அதேவேளை தனியாகப் பணம் கட்டுபவருக்கு அதே மருந்து சில நாட்களில் வீட்டு வாசலுக்கு வருகிறது. 1970 களில் பெரி ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் காத்திருத்தலைப் பற்றி எழுதியபோது எடுத்துக்காட்டியது இதைத்தான். யார் யாரைக் காத்திருக்க வைக்கமுடியும் என்பதில் அதிகாரத்தின் படிநிலை தெரிகிறது. பணமுள்ளவர் நேரத்தை வாங்குகிறார், இல்லாதவர் நேரத்தால் செலுத்துகிறார்.

எனினும் பணத்தைவிட வரிசை நீதியானது என்றே நான் கருதுகிறேன். வரிசையில் நிற்பவர் குறைந்தபட்சம் தனக்கு முன்னால் நிற்பவரும் தன்னைப்போல் ஒருவர்தான் என்று நம்பலாம். ஆனால் வரிசை நீதியாக இருப்பதற்கு அது கண்ணுக்குத் தெரியவேண்டும். சதொசவில் அரிசிக்கு வரிசையில் நின்றவருக்குத் தன் முன்னால் எத்தனை தலை என்பது தெரிந்தது. எரிபொருளுக்காக 2022 இல் நாட்கணக்கில் வீதியோரம் வாகனத்தில் உறங்கிய எமக்கும் அது தெரியும். வரிசை நகர்கிறதா என்று பார்க்க முடிந்ததனால்தான் உறங்கவும் முடிந்தது. வைத்தியசாலைப் பட்டியலில் நிற்பவர் தன் முன்னால் நிற்பவரின் முதுகைக் காண்பதில்லை.

நோன்பு நாட்களில் இதை நான் அதிகம் நினைப்பதுண்டு. நோன்பாளியின் பசியும் பசிதான். ஆனால் அந்தப் பசிக்கு மஃரிப் உண்டு. நாட்காட்டியில் நிமிடக் கணக்கில் எழுதியிருக்கிறது. பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கலாம் என்ற நிச்சயம் பிற்பகல் நான்கு மணிச் சோர்வைத் தாங்கவைக்கிறது. நேரம் குறிக்கப்பட்ட பொறுமை மனிதனை உருவாக்குகிறது. அதற்கு அவன் தானே நிய்யத் வைக்கிறான். நேரமும் குறிக்காமல், காரணமும் சொல்லாமல் இன்னொருவன் விதிக்கும் காத்திருப்பை அதே சொல்லால் அழைப்பது சொல்லுக்கே செய்யும் அநியாயம். காஃப்கா 1915 இல் வெளியிட்ட, சட்டத்தின் வாசலில் காவலனுக்கு முன் முதுமையடையும் வரை காத்திருந்த நாட்டுப்புறத்து மனிதனின் கதையை வாசித்தவர்கள் அந்த மனிதனைப் பொறுமைசாலி என்று புகழ்வதில்லை.

இனி, காத்திருப்பவர் என்ன செய்வது? நிறுவனங்களின் அநீதியைப் பேசுவது எழுதுபவருக்கு இலகு. வரிசையில் நிற்பவருக்கு நாளைக்கும் விடியும், நாளைக்கும் உடுத்தவேண்டும், நாலு பேர் முன்னால் போகவேண்டும்.

முதலில் சொன்ன உறவுக்காரி இங்கிலாந்தின் ஒரு நகரத்தில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். சீனி வியாதி ஏழு வருடமாக. பட்டியலுக்கான பயணத்தைத் தொடங்கி மூன்றாவது வருடம். ஆரம்பத்தில் அவள் எல்லாவற்றையும் 'ஒப்பரேசனுக்குப் பிறகு' என்று தள்ளிவைத்தாள். புது உடுப்பு பிறகு. பிள்ளைகளோடு நீச்சல் தடாகத்துக்குப் போவது பிறகு. புகைப்படம் பிறகு, கடந்த சில வருடப் படங்களில் பிள்ளைகளும் கணவரும் இருக்கிறார்கள், அவள் கமெராவுக்குப் பின்னால். தன் உடலையே ஒரு தங்குமடமாக நினைத்து, சாமான்களை அவிழ்க்காமல் வாழ்ந்தாள். இது அவளுக்கு மட்டும் உரியதன்று. வெளிநாட்டு விசாவுக்கு, வீட்டுக் கடனுக்கு, மகளின் கலியாணத்துக்குக் காத்திருப்பவர்களும் இப்படித்தான் நடப்பைக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் விசாவுக்குக் காத்திருப்பவர் தன் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு நடமாடலாம். இவள் தன் பெட்டியிலேயே வாழவேண்டியிருந்தது.

இங்கே ஒரு கலியாணத்துக்கு வந்திருந்தாள். சஹனைச் சுற்றி ஆறு பேர். இரண்டாம் தரம் சோறு போட்டவர், "இன்னும் கொஞ்சம் போடுறன், வெட்கப்படாதீங்க" என்றார். பக்கத்திலிருந்த மாமி, அவளுடைய கை எத்தனை தரம் சஹனுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உபசரிப்பும் கண்காணிப்பும் ஒரே சஹனில். மாமியிடம் கெட்ட எண்ணம் இல்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டு, "மகள், சப்ரு செய்யுங்க, வாயைக் கொஞ்சம் கட்டுங்க" என்றாராம். இந்த இரண்டு அறிவுரைகளையும் ஒரே மூச்சில் சொல்லலாம் என்று எமக்கு யார் சொல்லித் தந்தது? ஒன்று, நீ செய்வதற்கு ஒன்றுமில்லை, பொறு என்கிறது. மற்றது, எல்லாம் உன் கையில்தான், நீ செய்யவில்லை என்கிறது.

ஊருக்குத் திரும்புமுன் அவள் ஒரு தையற்காரியிடம் இப்போதைய அளவுக்கு மூன்று உடுப்புகள் தைத்துக்கொண்டாள். "எப்படியும் கொஞ்ச நாளில் பெரிசாப் போயிடுமே ராத்தா, இப்ப எதுக்கு?" என்று தையற்காரி கேட்டாளாம். சிறிய விடயம்தான், ஆனால் எனக்கு அது ஒரு நிலைப்பாடாகத் தெரிகிறது. வரப்போகும் உடலுக்காக இருக்கும் உடலைப் பட்டினி போடுவதை அவள் நிறுத்திவிட்டாள். இப்படிச் சொல்வதால் அவளுக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. உன் உடலை அப்படியே நேசி என்று அழகாகப் பேசுபவர்கள் இந்த இடத்தில் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிடுகிறார்கள். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறுபவளுக்கு நேசம் மட்டும் போதாது. இன்றைய உடலோடு மரியாதையாக வாழ்வதும் அதனை மாற்றக் கோருவதும் ஒருவரிடமே ஒன்றாக இருக்கமுடியும்.

அவளிடம் ஒரு பயிற்சிப் புத்தகம் உண்டு. எந்தத் திகதி யாரோடு பேசினாள், என்ன சொன்னார்கள், அடுத்து யார் அழைப்பதாகச் சொன்னார்கள் என்று எழுதிவைக்கிறாள். சொன்ன திகதி கடந்தால் மறுநாளே தொலைபேசியில் அழைக்கிறாள். தான் எந்தப் படியில் நிற்கிறேன், அடுத்த படி எது, அதற்கு என்ன குறைகிறது என்று மூன்று கேள்விகள். கோபப்படுவதில்லை. மருந்தையும் நடையையும் கண்ணின் வருடாந்தச் சோதனையையும் விடுவதில்லை. சத்திரசிகிச்சை வந்தாலும் வராவிட்டாலும் அவை தேவை என்பது அவளுடைய கணக்கு. கண்ணுக்குத் தெரியாத வரிசையை அவள் தன் கையெழுத்தில் கண்ணுக்குத் தெரியச் செய்துகொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒருநாள் இரவு பேசும்போது வேறொன்று சொன்னாள். காத்திருப்போர் சிலர் மாதமொருமுறை கூடும் குழுவில் ஒரு வயதான மனிதர், இதயம் பலவீனம் என்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாராம். அதைக் கேட்டதும், அப்படியானால் ஓர் இடம் முன்னால் நகர்ந்திருப்பேன் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிவிட்டது என்றாள். அதற்கடுத்த கணத்தில் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். நான் அவளுக்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பற்றாக்குறையான வரிசை நல்ல மனிதர்களுக்குள்ளும் இந்தக் கணக்கை எழுதிவிடுகிறது. காத்திருக்க வைப்பதன் கேடுகளில் எந்தப் புள்ளிவிபரத்திலும் சேராதது இது. அடுத்த கூட்டத்துக்கு அவள் அந்த மனிதருக்கென்று வெந்தயக் கஞ்சி செய்து எடுத்துப்போனாள். அவர் சீனி போடாமல் குடித்துவிட்டு, இது மருந்தா உணவா என்று கேட்டாராம்.

சென்ற மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பட்டியலைச் சரிபார்க்கிறோம், இன்னும் காத்திருக்க விரும்புகிறீர்களா, ஆம் அல்லது இல்லை என்று அடையாளமிட்டு அனுப்புங்கள், பதில் இல்லையேல் பெயர் நீக்கப்படலாம் என்று எழுதியிருந்தது. மூன்று வருடத்தில் அவளிடம் முதன்முறையாக விருப்பத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஆம் என்ற கட்டத்தில் அடையாளமிட்டு, கீழே இருந்த வெற்றிடத்தில் தன் மூன்று கேள்விகளையும் எழுதி, பிரதியொன்றைப் பயிற்சிப் புத்தகத்துக்குள் ஒட்டிவைத்துவிட்டு அன்றே தபாலில் சேர்த்திருக்கிறாள்.